தங்கை உள்ளவர்கள் படிக்க வேண்டிய நாவல்

எது நல்ல புத்தகம் என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்த வயதிலும் எனக்குச் சண்டைக்காரியின் குரல் வந்துவிடுகிறது. கேட்டவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். நானோ, சொல்லப்போகும் புத்தகத்தை அவர் படிக்காமல் விட்டுவிடுவார் என்று முன்கூட்டியே கோபப்பட்டுக்கொண்டிருப்பேன். ஏழாம் வகுப்பில், செஞ்சி லைப்ரரியில் ஒட்டிக்கொண்ட குணம் இது.

அறுபதுகளில் எங்கள் லைப்ரரி பஜாருக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. முன்கூடத்தில் செய்தித்தாள் மேசை. உள்ளறையில் நாலு அலமாரி. லைப்ரரியன் ஆர்வக்காரர். ஒருமுறை ஒரு பலகைக்குச் சாக்குத்துணியை இழுத்துக்கட்டி முன்கூடத்துச் சுவரில் மாட்டினார். ‘நான் படித்தேன், நீங்களும் படியுங்கள்’ என்று மேலே எழுதி வைத்தார். யாருக்கு எந்தப் புத்தகம் பிடித்ததோ அதைப் பற்றிக் கால் தாளில் நாலு வரி எழுதிக் குண்டூசியால் குத்திவிட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே பலகை நிறைந்தது. எல்லாம் ஆண்கள் எழுதியவை. பெண்கள் லைப்ரரிக்கு வருவதில்லை. துப்பறியும் கதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றி ஒரு பஸ் கண்டக்டர், ‘இதைப் பயணத்தில் படிக்காதீர்கள், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவீர்கள்’ என்று எழுதியிருந்தார். ஒரு வாத்தியார் கட்டுரை நூல் ஒன்றைப் புகழ்ந்துவிட்டு, முதல் இரண்டு கட்டுரைகளை மன்னித்துவிடச் சொல்லியிருந்தார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவருக்கு ஒரு தலைவரின் சுயசரிதை பிடித்துப்போயிருந்தது. ‘மேற்படி நூலை யாருடைய தூண்டுதலும் இன்றிப் பூரண நினைவோடு வாசித்துச் சிபாரிசு செய்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அவற்றை வாசிப்பதற்காகவே நான் தினமும் போவேன். தாவணி போடாத பெண் என்பதால் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அந்த வருஷம் அத்தை எங்களோடு இருந்தாள். நைனாவின், அதாவது என் அப்பாவின் தங்கை. வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அங்கே கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள், உடம்பு தேறும்வரை இங்கே இருப்பாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் நம்பினேன். எனக்கு அது பெரிய சந்தோஷம். அம்மா பேரில் இருந்த லைப்ரரி டிக்கெட்டில் நான் எடுத்து வரும் புத்தகங்களை அத்தை ஒரே நாளில் முடித்துவிட்டு அடுத்தது கேட்பாள். படித்ததை எனக்குச் சொல்லவும் செய்வாள்.

ஓர் அமாவாசையன்று அத்தையின் மாமனாரும் அவள் புருஷனான மாமாவும் மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். மாமனார், அடுத்த அமாவாசைக்கு வரும்போது மருமகளைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நைனா, “பாக்கலாம்” என்றார். நைனா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். அவர் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். எடையில் தகராறு வந்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி என்று சொல்லி அனுப்புகிற மனிதர். அவர்கள் போனபின் அம்மா, வீட்டில் ஒரு பெண் வாழாமல் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு நம் பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று கவலைப்பட்டாள். நைனா அதற்கும் பார்க்கலாம் என்றார். அத்தை உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் கையில் இருந்தது ஒரு நாவல். புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்ட ஒரு பெண், போக இடமில்லாமல் தையல் கற்றுக்கொண்டு தனியாக நிற்கிற கதை. அதை மட்டும் மூன்று முறை படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்தப் பலகைக்கு ஒன்று எழுது என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

‘இந்த நாவலை ஆண்கள் படிக்க வேண்டும். முக்கியமாகத் தங்கை உள்ளவர்கள் படிக்க வேண்டும். அழவைக்கும் கதை அல்ல. யோசிக்கவைக்கும்.’

கீழே என் பெயரையும் வகுப்பையும் போட்டேன். கையெழுத்துக்குப் பள்ளியில் முதல் பரிசு வாங்கியவள் நான். அன்று மாலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்திரக்காரரின் தாளுக்கு மேலே என் தாளைக் குத்திவைத்தேன்.

மறுநாள் தாள் இல்லை.

காற்றில் போயிருக்கும் என்று இன்னொன்று எழுதிக் குத்தினேன். அதுவும் மறுநாள் இல்லை. மற்றவர்கள் தாள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அத்தையிடம் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. போதும், இத்தோடு விட்டுவிடு என்றாள். எனக்கு விட மனசில்லை. உண்மையைச் சொன்னால், நாவலுக்காக இல்லை. பரிசு வாங்கிய எழுத்தை ஒருவர் கிழிப்பதா என்ற ஆத்திரம். மூன்றாவது தாளைச் சிவப்புப் பென்சிலால் எழுதி, ‘இதை எடுப்பவர் முதலில் புத்தகத்தைப் படிக்கவும்’ என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அதுவும் போயிற்று.

பத்திரக்காரர்தான் என்று முடிவு கட்டினேன். அவர் தாளுக்கு மேலே என் தாள் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. செய்தித்தாள் மேசையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது அவர் முன்னால் போய் நின்று, ஏன் கிழித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் கிழிக்கல பாப்பா. நீ எழுதனதப் பாத்துட்டுத்தான் அந்தப் புக்கைக் கேட்டு நாலு நாளா நடக்கிறேன். வெளியில போயிருக்குதாம்.”

யார் எடுத்தது என்று லைப்ரரியனைக் கேட்டேன். அவர் பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை மூடி வைத்தார்.

அடுத்த நாள் நாலாவது தாளைக் குத்திவிட்டு உள்ளறை அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆறு மணி வாக்கில் மண்டியிலிருந்து நைனா வந்தார். வழக்கம்போலப் பேப்பர் பார்த்தார். எழுந்தார். பலகைக்கு அருகே போய் என் தாளை நிதானமாகப் படித்தார். குண்டூசியைக் கழற்றித் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் கால்கள் என்னைக் கேட்காமலே வெளியே வந்தன.

“நைனா, அதக் குடு.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வீட்டுக்குப் போகச் சொன்னார்.

“குடு. அது என் எழுத்து.”

மேசையில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது. நைனா என் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். “இது எனக்கு எழுதனது. நான் படிச்சிட்டேன். இனிமே இது ஊருக்கு இன்னாத்துக்கு?”

“ஆம்பளைங்க எல்லாம் படிக்கணும்னுதான் அத்த சொல்லிச்சி. நீ மட்டுந்தானா ஆம்பள?”

அத்தையின் பெயரை நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பத்திரக்காரர் தரையைப் பார்த்தார். நைனாவின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. இன்று அடி நிச்சயம் என்று தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டியபடியே நின்றேன். வலித்தபோதும் கீழே இறக்கவில்லை.

நைனா பையிலிருந்து தாளை எடுத்தார். என்னிடம் தரவில்லை. பலகைக்குப் போய், மடிப்பைத் தேய்த்து நேராக்கி, அவரே குத்தினார். முதல் தடவை ஊசி வளைந்துவிட்டது. வேறு ஊசி எடுத்துக் குத்தினார். பிறகு பத்திரக்காரரிடம், “புக்கு என் மண்டியிலதான் இருக்குது. காலையில வந்து வாங்கிக்கோங்க” என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். நைனா அடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தார். அத்தை சோறு போட்டாள். தட்டைப் பார்த்தபடி நைனா சொன்னார்.

“அந்தப் பொஸ்தகத்தப் படிச்சேன்மா.”

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் குழம்பு எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். குழம்பு தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அத்தைக்கு ஞாபகமறதி என்று நினைத்தேன்.

அமாவாசை வந்தது. மாமனாரும் மாமாவும் வந்தார்கள். மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நேரமாகிறது, பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றார் மாமனார். அம்மா கதவோரம் நின்று நைனாவையே பார்த்தாள். நான் ‘பாக்கலாம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“என் தங்கச்சி வரல. சாப்டுட்டுப் போங்க” என்றார் நைனா.

மாமனார் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். ஊர் என்ன சொல்லும் என்றார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார். நைனா மறுபடியும் அதையே சொன்னார், அதே குரலில். மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதெல்லாம் யாரு ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?”

“யாரும் சொல்லல. படிச்சித் தெரிஞ்சிக்கினேன்.”

அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். அம்மா அடுப்படிக்குப் போய் அவர்களுக்கும் சேர்த்து வடித்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை அதன்பின் அந்த ஊருக்குப் போகவே இல்லை. டீச்சர் டிரெயினிங் முடித்து, கடைசிவரை தன் சம்பளத்தில் வாழ்ந்தாள். இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

அன்று நான் செய்தது வேறு. பெரியவர்கள் பேச்சு சலித்துப்போய் லைப்ரரிக்கு ஓடினேன். தாள் அங்கேயே இருந்தது. நாவல் யாரிடமோ போயிருந்தது. அடுத்து மூன்று பேர் சொல்லி வைத்திருப்பதாக லைப்ரரியன் சொன்னார். ஓடிவந்தேன். பின்கட்டில் துவைகல்லின் மேல் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தியா அத்த, கடசில நாமதான் ஜெயிச்சோம். பேப்பர் இன்னும் அங்கியே இருக்குது.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமா. உன் எழுத்து அப்படி” என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்து எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதலாம் என்று கேட்டேன்.