வெங்காயத்தோல் நிறம் வரும்வரை

என் தம்பி கடல் தொட்டி பராமரிப்பவன். மீன் தொட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மீன் தொட்டின்னா தண்ணிய ஊத்தி மீன விட்டுத் தீனி போடறது. நான் கடலையே பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்" என்பான். வாளி, குழாய், உப்பு மூட்டை எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஓட்டல், அலுவலகம், ஆஸ்பத்திரி என்று சுற்றுவான். அவன் துடைத்த கண்ணாடி இருப்பதே தெரியாது. ஒரு பெரியவர் மீனைத் தொடப்போய் விரலை இடித்துக்கொண்டார். அக்கா என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் விரலுக்கு ஐஸ் வைத்தவள் நான்தான்.

அவன் பராமரிக்கும் தொட்டிகளில் பெரியது ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் இருக்கிறது. அதில் ஒரு பவளம். நகத்தளவு துண்டாக வாங்கி வைத்தான். இன்று விரித்த கையளவு கிளைவிட்டு நிற்கிறது. பவளம் பார்க்கத்தான் செடி, உண்மையில் அது பிராணி. தண்ணீரில் இருக்கும் காரத்தன்மையை எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளும். அது குறைந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பதறிப்போய் ஒரேயடியாக ஏற்றினால் நுனி வெந்துவிடும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடாமல் நிற்க வேண்டும்.

தம்பி அதைச் சுருக்கமாகக் 'காரம்' என்பான். ஒருநாள் பஸ்ஸில் போனில், "மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காரம்தான் கொறஞ்சிருக்கு, வந்து பொடி போடறேன்" என்று பேசியிருக்கிறான். பக்கத்து சீட்டு அம்மாள் அவன் போனை வைக்கும்வரை பொறுத்திருந்து, "ஏம்பா, உயிரோட இருக்கும்போதேவா மிளகாப்பொடி போடுவீங்க?" என்று கேட்டாராம்.

காரத்தைச் சோதிப்பது சின்ன வேலைதான். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் அளந்து ஊற்றி இரண்டு சொட்டு மருந்து விட்டால் பச்சையாகும். பிறகு சிரிஞ்சில் இன்னொரு மருந்தை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். பச்சை போய் வேறு நிறம் வந்ததும் நிறுத்திவிட்டு, எவ்வளவு மருந்து செலவானது என்று பார்த்தால் காரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், என் தம்பிக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். பள்ளியில் இலைக்குச் செங்கல் நிறம் அடித்து அடி வாங்கியவன். அதனால் தண்ணீரைப் பாட்டிலில் மூடி வீட்டுக்குக் கொண்டுவருவான். எனக்குத் தையல் கடையில் துணிக்கு ஏற்ற நூல் எடுத்துக் கொடுக்கும் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அவன் சொட்டு விடுவான், நான் பார்த்துச் சொல்வேன். "பச்சை... பச்சை... பாசி... வெங்காயத்தோல்! நிறுத்து!" என்றால் நிறுத்துவான்.

பள்ளிச் சீருடை தைக்கும் காலம் வந்தது. நான் வீடு திரும்பும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியாது. பாவம் பார்த்துத் தம்பி பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். போன தடவை எட்டு, இப்போதும் எட்டாகத்தான் இருக்கும் என்று பழைய அளவிலேயே பொடி போட்டு வந்தான். பவளம் வெளிறத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார். "வேற கம்பெனிக்காரங்க வந்து பாத்தாங்க, தண்ணியே சரியில்லேங்கறாங்க. சனிக்கிழமை என் முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. அப்புறம் தொட்டி யார் கையிலன்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

தம்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "அக்கா, ஊர்ல எத்தன ஆஸ்பத்திரி இருக்கு? எனக்குன்னு கண் ஆஸ்பத்திரியா வாய்க்கணும்?"

"உண்மையச் சொல்லிடேன்டா."

"சொன்னா அன்னிக்கே தொட்டி போச்சு. நீ ஹெல்பர் மாதிரி வா. நிறம் மாறினதும் லேசா இருமு, போதும்."

போனேன். கூடம் நிறைய நோயாளிகள், பாதிப்பேர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மங்கலான பார்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி சொட்டு விட ஆரம்பித்தான். இருமக்கூடாது, இருமக்கூடாது என்று நினைக்க நினைக்கத் தொண்டை அரித்தது. ஏசி வேறு நேராக என் மேல். பாசி நிறம்கூட வரவில்லை, எனக்கு இருமல் வந்துவிட்டது.

தம்பி கம்பீரமாக நிறுத்தினான். சிரிஞ்சைப் பார்த்து, "காரம் நாலு" என்றவன் அதைக் கேட்டுத் தானே அதிர்ந்து போனான். நாலில் பவளம் பிழைக்காது.

டாக்டரம்மா குப்பியை வாங்கிப் பார்த்தார். "இன்னும் பச்சையாத்தானே இருக்கு?"

"ஆமாங்க டாக்டர், நல்ல பச்சை."

"அப்ப ஏன் நிறுத்தினீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தாத்தா, "அந்தம்மா இருமினாங்க, இவரு நிறுத்திட்டாரு" என்றார்.

"தாத்தா, உங்களுக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்கு. எப்படிப் பாத்தீங்க?"

"காது நல்லாக் கேக்குதே டாக்டர்!"

டாக்டரம்மா உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் பளிச்சென்று ஓர் எண். "இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? புள்ளி வச்சிருக்காங்க. நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்றான் தம்பி.

கூடமே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "நிறையப் பேருக்கு இது பிறவியிலேயே இருக்குப்பா. இதுல மறைக்க என்ன இருக்கு?"

"தொட்டிய வாங்கிடுவீங்களோன்னுதான்..." என்று இழுத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. "டாக்டர், அவன் கையில தப்பில்ல. என் தொண்டையிலதான் தப்பு. விட்ட எடத்துலேருந்து தொடரட்டும், நான் வாய்விட்டே சொல்றேன்" என்றேன்.

தொடர்ந்தான். எட்டிப்பார்த்த தாத்தாவைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னேன். "பச்சை... பச்சை... பாசி... வெங்காயத்தோல்! நிறுத்து!"

"இது பிங்க் இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"பிங்க்ல பதினாலு நூல் இருக்கு டாக்டர். இது வெங்காயத்தோல்."

காரம் ஆறு. குறைவுதான், ஆனால் பிழைக்கும். தம்பி பவளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "இது வளந்துடுச்சு டாக்டர். வளந்த பிள்ளைக்குக் கைக்குழந்தை அளவுல சாப்பாடு போட்டிருக்கேன். என் தப்புதான். இன்னிக்கே எட்டுக்கு ஏத்த முடியாது, ஏத்தினா வெந்துடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். டைம் குடுங்க."

"ஒரு மாசம். தேறலேன்னா அந்தக் கம்பெனிக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "நம்பர் காட்டற மெஷின் இருக்குமே?" என்று கேட்டார்.

"இருக்குங்க. அக்கா இருக்கும்போது மெஷின் எதுக்குன்னு..."

"வாங்கித் தொலைடா! சீருடை சீசன்ல எனக்குக் கண்ணே பூத்துப்போகுது" என்றேன். டாக்டரம்மா என்னை அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்து என் கண்ணையும் பார்த்துவிட்டார்.

தம்பி மெஷின் வாங்கினான். தினமும் காலையில் முதலில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். பொடியைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினான், அளந்தான், மறுநாள் மறுபடி அளந்தான். வீட்டில் சாப்பிடும்போதும், "ஆறே முக்கால் அக்கா" "ஏழரை அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எட்டைத் தொட்ட அன்று இன்னொரு தடவை சோறு கேட்டான்.

மாதம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டார். நானும் போனேன். பவளத்தின் கிளைகளில் புதுசு புதுசாக நுனி விட்டிருந்தது. டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு நுனியாகப் பார்த்தார்.

"தொட்டி உங்களுதுதான்" என்றார் டாக்டரம்மா. "என்ன அழகா வயலட் வந்திருக்கு பாருங்க!"

"நீலம் டாக்டர்" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"ரெண்டும் இல்ல, கத்திரிப்பூ" என்றேன் நான்.

தம்பி வாளியைத் தூக்கினான். "நீங்க மூணு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள நான் இன்னிக்குப் பொடியக் கரைச்சு ஊத்திடறேன்."