மாமா விழுந்த வளைவு

அம்மாவின் கடைசித் தம்பி மோட்டார் சைக்கிள் வாங்கிய வருஷத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தோம். மாமாவுக்கு வீடு பனவடலிசத்திரத்தில், உரக்கடை சங்கரன்கோவிலில். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா அப்பளத்தை எண்ணெயில் போடுவாள். அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஆபீஸிலிருந்து நடந்து வந்து, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, நடந்தே திரும்பிப் போவார்.

அந்த மாமா சிநேகிதர்களோடு மெட்ராஸுக்குப் போனவர், மண் தரையில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரால் மற்ற மனுஷர்களைப்போல ஒரு முக்கில் திரும்ப முடியவில்லை. வளைவில் வேகத்தைக் குறைப்பவன் ஆம்பளையே இல்லை என்றார். வண்டியை உள்பக்கம் சாய்த்து, பின்பிரேக்கை ஒரு மிதி மிதிக்க வேண்டும். பின்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பி, இடதுகாலைத் தரையில் உரசவிட்டு, புழுதி பறக்க ஒரு அரைவட்டம். சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தை வைத்து அதைச் செய்து காட்டினார். அப்பளம் அழகாகத் திரும்பியது.

ஊருக்கு மேற்கே வற்றிக் கிடந்த குளத்துக்குள் ஒரு பழைய லாரி டயரைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைச் சுற்றிப் பழகினார். அம்மா என்னையும் தம்பியையும் கூடவே அனுப்புவாள். எனக்கு மட்டும் தலைசீவிப் பூ வைத்துவிடுவாள். புழுதிக்குள் போவதற்குப் பூ எதற்கு என்று கேட்டால், "வாய மூடிட்டுப் போட்டி" என்பாள். எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. வயதுக்கு மீறி வளர்ந்திருந்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுதான்.

மாமா விழுந்தார். அடுத்த வாரமும் விழுந்தார். முழங்கை உரிந்து வீட்டுக்கு வந்தால், கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அம்மா தானே பூசிவிடுவாள். தம்பி ஒரு தடவை கீழே விழுந்து அழுதுகொண்டு வந்தபோது குழாயடியில் போய்க் கழுவச் சொன்னவள் அவள்.

கை எரிச்சலில் மாமா கருவை மர நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், விளையாட்டுப்போல எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கியர் மாற்றி நேராக ஓட்டுவது சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் என் கண்ணெல்லாம் அந்த டயரில்தான் இருந்தது. அவர் விழும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. பின்சக்கரம் ஒதுங்கத் தொடங்கியதும் அவர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவார். வழுக்கிக்கொண்டிருந்த சக்கரம் உடனே தரையைப் பிடிக்கும்; வண்டி அவரைத் தூக்கி எறியும்.

"மாமா, வண்டி ஒதுங்கும்போது நீங்க கைய விட்டுருதிய. விடாம இருந்தா விழ மாட்டிய" என்றேன்.

"ஏட்டி, எனக்கே பாடம் சொல்லுதியா?" என்று சிரித்தார்.

நானும் இரண்டு தடவை விழுந்தேன். பாவாடையில் புழுதியைத் தட்டிவிட்டு, சிராய்ப்பை மறைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்துவிட்டது. பயம் வந்த இடத்தில் கையைத் தளர்த்தாமல், டயரைப் பார்க்காமல், போக வேண்டிய கரையைப் பார்த்தேன். வண்டி எனக்குக் கீழே குறுக்காக ஓடியது. நான் பார்த்த பக்கம் போனது. தம்பி கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். மாமாகூட எழுந்து நின்று கைதட்டினார். "எங்கனட்டி படிச்சே இத?" என்று என் தலையில் செல்லமாகத் தட்டினார். அன்று எங்கள் மூன்று பேரைத் தவிரக் குளத்தில் யாருமில்லை.

சித்திரையில் ராயகிரியிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் நாலு பேர் வந்தார்கள். மெட்ராஸ் வித்தையைக் காட்டுகிறேன் என்று மாமாதான் வரச் சொல்லியிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். முதல் சுற்றில் விழுந்தார். மண் சரியில்லை என்றார்கள். டயரைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் விழுந்தார். இந்தத் தடவை சட்டை கிழிந்தது. மூன்றாவது தடவை வண்டி ஒரு பக்கம் கிடக்க அவர் ஒரு பக்கம் கிடந்தபோது, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "எங்க அக்கா விழாம ஓட்டுவா" என்றான்.

"ஏலே, பொட்டப்பிள்ள ஓட்டுதாளா? எங்க, ஏத்தும்வே, பாப்போம்" என்றார் ஒருவர்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. "ஏறுட்டி" என்றார்.

ஏறினேன். பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, அவர் பெயரைக் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பில்தான் ஏறினேன். நான் செய்துவிட்டால், சொல்லிக்கொடுத்தது எங்கள் மாமா என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா? டயரைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டேன். புழுதி கலைந்ததும் வண்டியை அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். என்னை ஏற்றச் சொன்ன ஆள் மாமாவின் தோளில் கைபோட்டு, "மாப்ளே, கல்யாணத்துக்கப்புறம் நீரு பின்னால உக்காந்துக்கிடும்வே. அவ ஓட்டட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். யாருடைய கல்யாணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா ஒரு சிநேகிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டியில் இடமில்லை என்று நினைத்து, நானும் தம்பியும் வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் அந்த வட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

எங்களுக்கு முன்னாலேயே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். உள்ளே இழுத்துப்போய்த் துடைப்பத்தால் அடித்தாள். தலையில் இருந்த பூ அறுந்து விழுந்தது.

"அவன நாலு பேரு முன்னால கேவலப்படுத்திட்டு வந்து நிக்கியேட்டி!"

"மாமாதாம்மா ஏறச் சொன்னாரு."

"ஏறச் சொன்னா? விழுந்து தொலைச்சிருக்கலாம்லா!"

அடி நின்றது. அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு முள் குத்தினால்கூடத் துடிக்கிறவள், நான் விழவில்லை என்பதற்காக அழுதாள். "நாளைக்கு அவன் மூஞ்சியிலதான முழிக்கணும் நீ? அத நெனச்சியா?" என்றாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. கோடை விடுமுறை. மாமா வழக்கம்போலச் சாப்பிட வந்தார். அம்மா என்னைப் பரிமாறச் சொன்னாள். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புது வித்தை வராத வருத்தம் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. ரசம் ஊற்றும்போது, அம்மா காதில் விழாதபடி குனிந்து சொன்னேன்: "மாமா, ஒண்ணும் கஷ்டமில்ல. பயம் வரும்போது கைய மட்டும் விட்டுராதிய. உங்களுக்கும் வந்துரும்."

பிசைந்த சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் குளத்துப் பக்கம் போகவில்லை. என் பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு நின்றது. பதினெட்டு முடிந்ததும் என்னை அவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். நான் பிறந்தபோதே பேசி வைத்ததாம். என்னைத் தவிரத் தெருவுக்கே தெரிந்திருந்தது. கல்யாணமான முதல் வாரத்தில், "எங்க, இப்ப எனக்குச் சொல்லிக் குடு" என்றார், சிரிக்காமல். வண்டிச் சாவியை நான் தொட்டதில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும், பிள்ளைகளின் கணக்குக்கு நான் விடை சொல்லிவிட்டாலும் அந்த வாக்கியம் வரும். அவரிடம் தோற்பதற்கு நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெரிய நிம்மதியோடு தம்பியிடம் போனேன். மாமா முகத்தில் முழித்தாகிவிட்டது, சாப்பாடும் போட்டாகிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அம்மா சொன்ன அந்த "நாளைக்கு" அன்றோடு முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.