தடுத்தது தடுத்ததுதான்

சீட்டு ஆடுகிறேன் என்றால் எங்கள் ஊரில் ரம்மி என்றுதான் நினைப்பார்கள். நானும் என் நண்பனும் ஆடியது வேறு. டிராகன், பூதம், கத்தி பிடித்த எலும்புக்கூடு என்று படம் போட்ட அட்டைகளை வைத்து இருவர் மோதிக்கொள்ளும் ஆட்டம். ஏனாத்தூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வரும் மாணவர்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. நண்பன் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோமானால், வீட்டிலிருந்து திட்டி போன் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

ஆட்டத்தில் பாதிச் சண்டை தடுப்பதைப் பற்றித்தான். ஒருவர் ஏவிவிடுவதை மற்றவர் தன் ஆளை நிறுத்தித் தடுக்கலாம். பறப்பதைப் பறப்பதுதான் தடுக்க முடியும். தரையில் நிற்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். இல்லாதது ஒன்று இருந்தது. தடுக்க வந்தவனை நடுவில் கொன்றுவிட்டால், தாக்க வந்தவன் என்ன ஆவான்?

"இதுல இன்னாபா டவுட்டு? கருட சேவைக்குக் கூட்டத்தக் கயிறு கட்டி நிறுத்தி வெச்சிருக்கான். கயித்த அவுத்தா கூட்டம் அப்டியே நின்னுக்கினா இருக்கும்? நேரா உள்ளதான் போவும்," என்றான் நண்பன். அந்தக் கூட்டத்தில் சட்டைப் பொத்தான்களைப் பறிகொடுத்தவன் நான். சரி என்று ஒப்புக்கொண்டேன். தடுத்தவன் செத்தால் அடி நேராக எதிராளிக்கு, அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது.

அவன் மாமனாருக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில். ஞாயிற்றுக்கிழமையாவது மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று அவருக்கு வெகுநாள் மனத்தாங்கல். சென்னையில் ஒரு போட்டி வந்தது. "பைனலுக்குப் போயிட்டா என்னை உட்டுடுங்க, தோத்தா ஞாயித்துக்கெழமைல மில்லுக்கு வந்துடறேன்னு மாமனார்கிட்ட சொல்லிட்டேன்பா," என்றான். வாய் விட்டது அவன். போகப்போவது என் ஞாயிற்றுக்கிழமையும்தானே!

நான் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டு அவன் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவன் அரையிறுதி வரை வந்துவிட்டான். எதிரில் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண். இன்னும் ஓர் அடி விழுந்தால் அவள் காலி. அவளிடம் தரைப்படை நிறைய, பறப்பதற்கு ஒரே ஒரு கழுகு. இவனிடம் பறக்கும் டிராகன்; கையில் எவரையும் எரித்துவிடும் நெருப்பு அட்டை. கழுகை முதலிலேயே எரித்திருக்கலாம். ஆனால் எங்கள் சிக்கனம் வேறு: அவள் தடுக்காவிட்டால் நெருப்பு மிச்சம், தடுத்தால் அப்போது எரித்துக்கொள்ளலாம். டிராகனை ஏவினான். கழுகு குறுக்கே வந்தது. நெருப்பைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அந்தப் பெண் கழுகை ஓரமாக எடுத்து வைத்தாள். "எனக்கு அடி வராதுண்ணா, ஏற்கெனவே பிளாக் பண்ணிட்டேன்," என்றாள். நடுவர் வந்தார். ஒருமுறை தடுக்கப்பட்டது, தடுத்தவன் செத்தாலும் தடுக்கப்பட்டதுதானாம். தடுத்தவனை மிதித்துக்கொண்டு போகிற சக்தி அட்டையில் இருந்தால் மட்டும் அடி போய்ச் சேரும். எங்கள் டிராகனுக்கு அது இல்லை. "பிளாக் பண்றதுக்கு முன்னாடியே எரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும் சார்," என்று ஆறுதல் வேறு. அடுத்து அவளுடைய தரைப்படை மொத்தமும் கிளம்பி வந்தது. தாக்கப் போன டிராகன் களைத்துக் கிடந்ததால் தடுக்க ஆளில்லை. ஆட்டம் முடிந்தது.

விதிகள் எல்லாம் போனிலேயே இலவசமாகக் கிடந்தன. பஸ்ஸில் வரும்போது ஆளுக்கொரு போனில் படித்துக்கொண்டே வந்தோம்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. நான் இப்போது மாணவர்களோடு ஆடுகிறேன், சரியான விதிப்படி. ஒருவரும் என்னோடு சண்டை போடுவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் மில்லுக்கே போனேன். தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

"நம்ம ரூல்ல ஆடியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் இல்ல?"

"ஜெயிச்சிருப்பபா."

தலையாட்டிக்கொண்டான். "லோடு வந்துக்கினு இருக்குது, அப்பறம் பார்ப்போம்," என்று எழுந்து போனான். என் பையில் இருவருக்குமான அட்டைகள் இருந்தன. அவன் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.