குழாய்க்குக் கீழே பச்சை

“லாரி நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா இந்தப் பச்சை எதுக்கு?” என்று சங்கச் செயலாளர் கேட்டார்.

“அது அடியில இருந்த பெயிண்ட், சார்,” என்றார் மாமா.

“பாலைவனத்துக்குப் போன வண்டிக்குப் பச்சை ஏதுப்பா?”

“அதைத்தான் சார் நாங்களும் அப்போ கேட்டோம்.”

செயலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்தப் பொம்மை லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மண் நிறமும் திட்டுத்திட்டா இருக்கு. பாதி வேலையில விட்ட மாதிரி.”

“மண் நிறம் இல்ல சார். மண்ணேதான். சேறு.”

“பார்க்க வர்ற பிள்ளைங்க என்ன நினைக்கும்? பராரிப் பட்டாளம்னு நினைக்காதா?”

தேநீர் கொண்டுவந்த அத்தைதான் பதில் சொன்னாள்: “நீங்க பட்டாளத்துல சாமான் கிடங்குல இருந்தவரு. உங்க கண்ணுக்கு எல்லாம் பளபளன்னுதான் இருந்திருக்கும்.”

“தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் அதிகம்,” என்று செயலாளர் சிரித்தார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அத்தையின் கணவரான இந்த மாமா, பட்டாளத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். வெளியே வந்தபின் கார் பட்டறையில் பெயிண்டர் ஆனார். அடிபட்டு வரும் கார்களில் அடிபட்ட சுவடே தெரியாமல் செய்வது அவர் தொழில். முன்னாள் வீரர்கள் சங்கத்தில் கண்ணாடி அலமாரி அமைத்து, பழைய ராணுவ வண்டிகளின் சிறு மாதிரிகளை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே போய்த் தண்ணீர் லாரியை நான் செய்கிறேன் என்றார். மற்றவர்கள் பீரங்கி வண்டிகளுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்ததால் அது சுலபமாகக் கிடைத்தது.

அந்த லாரியின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வண்டிகளைக் காட்டுப் பச்சை நிறத்திலேயே பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மண்நிறப் பெயிண்ட் பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. மாமாவும், கூட ஓட்டிய குச்சி என்ற ஒல்லிப் பையனும் மண்ணைத் தண்ணீரில் குழைத்து, கழிவு எண்ணெயைக் கலந்து, வண்டி முழுக்கக் கையால் பூசினார்கள். ஆனால் தொட்டியின் குழாய் ஒழுகும். காலையில் பூசிய சேறு மதியத்துக்குள் கரைந்து, குழாய்க்குக் கீழே பச்சை தெரியும். மறுபடி பூசுவார்கள். மறுபடி கரையும்.

ஒரு மதியம் மாமா இருவருக்கும் சாப்பாடு வாங்கப் போனார். குச்சி குழாய்ப் பக்கத்து நிழலில் படுத்திருந்தான். எதிரி விமானம் வந்து குண்டு போட்டுப் போனபின் மாமா ஓடி வந்தார். கையில் இருந்த இரண்டு தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றாராம்.

வாகனத்தைச் சரிவர மறைக்காதது ஓட்டுநர்களின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடிவானது. பெயிண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பார்க்கப் போன மாமாவிடம் குச்சியின் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: “ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கிட்டீங்களாப்பா?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் இந்த லாரியைச் செய்தார். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடித்து, முதலில் முழுக்கப் பச்சை அடித்தார். ஈரம் தொட்டு ஆங்காங்கே கல் உப்பைத் தூளாக்கி ஒட்டினார். அதன்மேல் துணியில் சலித்த மண்ணைப் பசைநீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தார். உப்பு இருந்த இடமெல்லாம் சேறு பெயர்ந்தது போலப் பச்சை எட்டிப் பார்த்தது. “சோத்துல உப்பு பத்தலைன்னா என்னைக் கேக்காதீங்க. அந்த லாரியை நக்கிக்குங்க,” என்றாள் அத்தை. குழாய்க்குக் கீழே மட்டும் உப்பு வைக்கவில்லை. ஈரத் தூரிகையால் சேற்றைத் துளித்துளியாக இழுத்துவிட்டார். பட்டறையில் பெயிண்ட் வழிந்தால் திட்டு வாங்குகிறவர், இங்கே வழியவைப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குனிந்திருந்தார்.

அலமாரி திறப்பு விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். லாரி நடுத்தட்டில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே மண்நிறம், புதுப் பாத்திரம் போலப் பளபளப்பு. சங்கத்தின் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் கொடுத்து அடித்து வாங்கியிருந்தார்கள். சேறு இல்லை, பச்சை இல்லை. லாரியோடு வைக்க நான் எழுதிக்கொடுத்த விளக்க அட்டையும் இல்லை. ‘பாலைவனப் பணி வாகனம்’ என்று வேறொன்று இருந்தது.

மாமா கண்ணாடி அருகே குனிந்து தொழில்காரர் பார்வையில் பார்த்தார். “நல்லாப் பூசியிருக்கான். ஒரு இடத்துலகூட வழியலை,” என்றார்.

“உள்ள போய் நாலு வார்த்தை கேளுங்களேன்,” என்றாள் அத்தை.

“என்னத்தைக் கேக்க? இத்தனை வருஷம் கழிச்சாவது பெயிண்ட் வந்து சேர்ந்துச்சே.”

அதன்பிறகு எந்த வண்டி மாதிரியும் அவர் செய்யவில்லை. மிச்ச மண்ணை அத்தை பூந்தொட்டியில் கொட்டிவிட்டாள். சங்கத்துக்கும் அவர் போவதில்லை.

லாரியை ஒப்படைப்பதற்கு முன்தினம்தான் அந்த அட்டையை என்னிடம் கேட்டார். என்னிடம் அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் வாசலிலேயே நின்றார். “மருமகளே, தமிழ், இங்கிலீஷுன்னு ரெண்டு பாஷை படிச்சிருக்கே. ரெண்டுலயும் எழுதிக் குடு. பெயிண்ட் வரலை, ரெண்டு பேரு கையால பூசினதுன்னு போடு. நாங்க மறைக்காம விட்டுடலைன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும். அப்புறம், சேறுங்கிறதுக்கு இங்கிலீஷ்ல மரியாதையான வார்த்தை எதையாவது தேடிப் போட்டுடாதே, தாயி. சேறு சேறாவே இருக்கட்டும்.”