மூலையில் நின்ற தண்ணீர்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குறுவைப் பருவம் முழுக்க, நெல்வயலிலிருந்து வரும் காற்றைப் பிடிப்பதுதான் என் வேலை. தண்ணீர் தேங்கிய சேற்றில் தாளும் வேரும் மக்கும்போது மீத்தேன் குமிழி குமிழியாக எழும். பூமி சூடாவதில் அதற்கும் பங்குண்டு. அதைக் குறைக்க வேண்டுமென்று எங்கோ மாநாடுகளில் நாடுகள் பேசிய பேச்சு, சுற்றிச் சுற்றி ஒரு திட்டமாக இந்த வரப்புவரை வந்திருந்தது. பயிரின் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி ஆய்வுக்கு அனுப்புவேன்.

திட்டத்தில் ஒரு அக்காவின் வயலும் இருந்தது. கணவர் இறந்தபின் தனியாகச் சாகுபடி பார்ப்பவர். ஒருநாள் உச்சி வெயில். ஒரு தோகைகூட அசையவில்லை. சேற்றில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் 'குளுக்' என்றது. திரும்பினேன். யாரும் இல்லை. என் கால் பதிந்த குழிகளில் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. மிதித்தால் வாயு வெளியேறும், தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் நின்ற பிறகும் அவை நிற்கவில்லை. என்னைத் தாண்டி, நான் மிதிக்காத சேற்றில், வடக்கு மூலையை நோக்கி ஒருவர் நடக்கும் நிதானத்தில் போயின.

வரப்பில் நின்ற அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி. அவருதான். மடை பாக்கப் போறாரு."

வடக்கு மூலையில், அந்த மடையருகேதான் பாம்பு கடித்துக் கணவர் விழுந்திருக்கிறார்.

அடுத்து வயலைக் காயவிட்டோம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும், மோட்டாரும் அதிகம் ஓடாது. அக்கா ஏற்கெனவே சம்மதித்ததுதான். மண் மயிரிழையாக வெடித்தது. வாயுவும் நன்றாகக் குறைந்திருப்பதாக ஆய்வகம் சொன்னது. சந்தோஷமாகச் சொல்லப் போனேன். அக்கா வரப்பில் குந்தியிருந்தார்.

"சத்தமே இல்ல தம்பி. அன்னைக்கும் நான் வந்து பாக்குறப்ப இப்படித்தான், சத்தமில்லாம கெடந்தாரு."

"அந்த மூலைய மட்டும் திட்டத்துலேருந்து விட்ருவோமாக்கா?" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துவந்து, மூலையைச் சுற்றி அவரே சின்ன வரப்பு கட்டினார். அங்கே மட்டும் தண்ணீர் நின்றது. அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பயிரும் குறையில்லாமல் வளர்ந்தது.

அறுப்புக்கு முன் கடைசியாகப் போனபோது, "அங்கயும் ஒரு தடவ பெட்டிய வச்சுப் பாருங்களேன்" என்றார் அக்கா. மூலையில் குமிழிகள் சளசளத்துக்கொண்டிருந்தன. பெட்டியைக் கவிழ்த்தேன். உடனே எல்லாம் அடங்கிப்போனது. பெட்டிக்கு வெளியிலும்தான். தூரத்துக் கொக்குகூடச் சத்தம் போடவில்லை. பெட்டியின் உள்பக்கம் மெல்ல வியர்த்தது.

"எடுத்துருங்க தம்பி," அக்கா என் கையைப் பிடித்தார். "அவருக்குப் புழுங்கும்."

எடுத்தேன். பெட்டி தண்ணீரை விட்டு எழும்பும் முன்பே குமிழிகள் மறுபடி கிளம்பின. ஊசியைப் பையிலிருந்து எடுக்காமலே நான் கரையேறினேன்.