கோணலக்கா வரைந்த வாலு

எழுத்தின் வயிற்றை வளைக்கும்போது கன்னத்தை உப்பிக்கொள்வார். வாலை இழுக்கும்போது நாக்கு நுனி வெளியே வந்து, பேனா போகிற பக்கமே தானும் போகும். கொம்பு என்றால் புருவம் ஏறும். ஜன்னலோர மேசையில் இப்படி முகத்தால் பாதி, கையால் பாதி என்று வரைவதுதான் கோணலக்காவின் தொழில். "மூஞ்சி சிரிக்கலன்னா கை சிரிக்காதுங்க" என்பார்.

குழந்தைகள் புத்தக அட்டை, பொம்மைக்கடைப் பலகை, பிறந்தநாள் வாழ்த்து ஆகியவற்றுக்கான அலங்கார எழுத்துகள் அவை. ஒன்றுகூட ஒழுங்காக நிற்காது. அக்காவுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 'க' குடை பிடித்திருக்கும். 'ஐ' தும்பிக்கையால் தன் முதுகையே சொறிந்துகொள்ளும். 'ட' ஒரு நாற்காலி. அதில் எறும்பு ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.

எதிர் நாற்காலி தங்கைக்கு. வேலை முடிந்து வந்ததும் டீயோடு அதில் சாய்ந்துவிடுவாள். அவள் சிரித்தால்தான் எழுத்து பாஸ். இல்லாவிட்டால் குப்பைக்கூடை, அப்பீலே கிடையாது. "என்னக்கா இது, ஹெட்மாஸ்டர் மாதிரி முறைக்குது?" என்பாள். இப்போது வரைந்துகொண்டிருக்கும் எழுத்துருவுக்கு 'வாலு' என்று பெயர். வீட்டில் தங்கையைக் கூப்பிடும் பெயர் அது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன தங்கை திரும்பி வரவில்லை. வாலுவில் இன்னும் சில எழுத்துகள் பாக்கி இருந்தன.

அதன்பின் அக்கா வரைந்த 'ஞ' அடக்க ஒடுக்கமாக நின்றது. மறுபடி வரைந்தார், முன்னதைவிட ஒழுங்காக வந்து தொலைத்தது. கோணலக்கா கையில் கோணல் வரவில்லை. கசக்கிய தாள்களால் கூடை நிரம்பியது.

வாலுவைக் கேட்டிருந்த பதிப்பகத்தின் மேனேஜர் நல்ல மனிதர், மாதக்கணக்கில் பொறுத்தார். நேற்று போனில் இழுத்து இழுத்துச் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இருக்கிறத வெச்சு மீதிய கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துடும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"வேணாம் தம்பி. அதெல்லாம் அவ பாத்துச் சிரிச்சதுங்க. அதுங்க நடுவுல முன்னபின்ன தெரியாதத கொண்டாந்து உக்கார வைக்க மாட்டேன்."

"அப்போ திங்கக்கிழமைக்குள்ள…"

"தர்றேன்."

சொல்லிவிட்டார். ஆனால் கை என்ன, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையா?

இன்று சாயங்காலமும் பழக்கதோஷத்தில் இரண்டு டீ போட்டுவிட்டார். இரண்டையும் தானே குடித்தார். புதிய தாளை இழுத்து வைத்தார். 'ஞ' வளைய வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தன் உதட்டோரங்கள் இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வளைக்கத் தொடங்கினார்.