கடைசி ஏட்டின் மை

போன வாரம் கல்கத்தா நியூ டவுனிலிருந்து அலிப்பூர் கோர்ட்டுக்குப் போக ஒரு டாக்ஸி பிடித்தேன். கொசுவுக்காகவோ என்னவோ, டிரைவர் வண்டிக்குள் புல்தைலம் தெளித்து வைத்திருந்தார். உங்களுக்கு அது நல்ல எலுமிச்சை வாசனையாக இருக்கும். எனக்கு ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வழி முழுக்கப் பஸ் புகையைக் குடித்துக்கொண்டே போனேன்.

இருபத்தாறு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த இடம் முழுக்க இந்த வாசனைதான். பவானிபூரில் ஒரு பழைய கட்டிடம், அதன் மாடியில் சுவடிப் பிரிவு. பூச்சி அரிக்காமலிருக்க ஓலைகளுக்குப் புல்தைலம் தடவுவோம். கும்பகோணம் பக்கம் ஒரு மடத்தில் இரண்டு வருடம் ஏடு துடைத்தவன் என்ற ஒரே தகுதியில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எதிர்மேசையில் வசந்தா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழைவிட வங்காளம் சரளம். வங்காளத்தில் அக்காவுக்கு தீதி; எல்லோரையும் போல நானும் வசந்தாதி என்றே கூப்பிட்டேன். சுவடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, சுவடி என்ன மாதிரிப் பொருள் என்பதில்தான் அவருக்குக் கிறுக்கு. கயிறு கோத்த துளையை அளப்பார். பூச்சி எந்த ஏட்டில் நுழைந்து எதில் வெளியே போனது என்று தேடுவார். முகர்ந்துகூடப் பார்ப்பார்.

"என்ன தீதி, தாளிச்சாச்சா?" என்பேன்.

"நீ எழுத்தைப் படிச்சிண்டிரு. எனக்கு இதைத் தொட்டது யாருன்னு தெரியணும்" என்பார்.

அப்போது அவர் கையில் இருந்தது ஒரு வங்காளச் சுவடி. எழுநூறு வருடத்துக்கு மேல் பழையது என்பது அவர் கட்சி. கடைசி ஏட்டில் எழுதியவரின் பெயரும் ஆண்டும் இருந்தன. அந்த நாலு வரியைப் பிற்காலத்தில் எவனோ சேர்த்துவிட்டான் என்று மேலதிகாரி அடித்துச் சொன்னார். மற்ற ஏடுகளிலும் அதிலும் ஒரே மையா என்று பார்த்தால் தீர்ந்தது. அதைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக ஏற்பாடு. வசந்தாதியின் ஆறு வருட உழைப்பு அந்த ஒரு ஏட்டில் இருந்தது.

நிபுணர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், வசந்தாதி சாப்பிடப் போயிருந்தார். கடைசி ஏடு மங்கலாக மேசையில் கிடந்தது. விருந்தாளி வரும் நேரத்தில் இப்படியா என்று எனக்குக் கை அரித்தது. நம் ஊரில் ஏட்டை எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். மங்கினால் விளக்குக் கரியும் எண்ணெயும் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைப்போம். கீறலில் கரி தங்கி, எழுத்து பளிச்சென்று எழும்பும். அதையே செய்தேன். வங்காளத்தில் கீறுவதில்லை, மையால் மேலாகத்தான் எழுதுவார்கள் என்று வசந்தாதி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். காதில் போட்டுக்கொண்டால்தானே? பஞ்சு கறுப்பாக வந்தபோது, எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு, வேறு பஞ்சு எடுத்துத் துடைத்தேன்.

திரும்பி வந்தவர் ஏட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"போட்டோ இருக்கே தீதி" என்றேன்.

"போட்டோல எழுத்து இருக்குடா. மை எங்க இருக்கு?"

மை என் பஞ்சில் இருந்தது, என் விளக்குக் கரியோடு கலந்து.

மேலதிகாரி விசாரித்தபோது, வசந்தாதி தன் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். உண்மை தெரிந்தால் எனக்கு வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமாயிற்று. படிக்கட்டில் பார்த்தால், "கீ ரே, என்னடா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. போட்டோ பிலிம்கள் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து ஒட்டிப்போயின. வசந்தாதி இறந்து மூன்று வருடமாகிறது. சுவடிகள் எங்கோ பெட்டிகளில் இருக்கின்றன. பட்டியலை மட்டும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். டாக்ஸியிலிருந்து இறங்கி, கோர்ட் வாசலில் நின்றபடியே போனில் தேடினேன். அந்தச் சுவடிக்கு எதிரே இருந்தது இவ்வளவுதான்: 'காலம் தெரியவில்லை. எழுதியவர் தெரியவில்லை. கடைசி ஏட்டில் எதுவும் எழுதப்படவில்லை.'

வசந்தாதியை மாற்றிய பிறகு, அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான்.